இடனறி பட்டி: ‘சூழ்நிலை மெனு’ வேண்டாம்

“சூழ்நிலை மெனுவைத் தனிப்பயனாக்குக.” கணினிப் பயிற்சிக் குறிப்புகளில் இந்த வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. போன வாரம் சேலம் அஸ்தம்பட்டியில் டிடிபி கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதையே போனில் படித்துக் காட்டி, “இது என்னங்க சொல்லுது?” என்று கேட்டார். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார். கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியில் அதுவும் ஒரு வரியாக வர வேண்டும். அவ்வளவுதான் அவருக்குத் தேவை. தமிழ் நன்றாகத் தெரிந்த மனிதருக்கே தமிழில் எழுதிய வழிகாட்டி புரியவில்லை என்றால் கோளாறு சொல்லில்தான் இருக்கிறது.

மூலச் சொல்லை முதலில் பார்த்துவிடலாம். அந்த ரைட் கிளிக் பட்டிக்கு ஆங்கிலத்தில் ‘கான்டெக்ஸ்ட் மெனு’ என்று பெயர். அதைத்தான் ‘சூழ்நிலை மெனு’ ஆக்கியிருக்கிறார்கள். கான்டெக்ஸ்ட் என்பது, சேர்த்து நெய்தது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழி வந்தது. மெனு பிரெஞ்சுச் சொல். சிறியது, விவரமானது என்ற பொருளிலிருந்து சாப்பாட்டு அட்டைக்குப் போய், அங்கிருந்து கணினிக்கு வந்தது. 1995இல் வந்த விண்டோஸ் 95தான் ரைட் கிளிக் பட்டியை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

சரி, ‘சூழ்நிலை’ ஏன் தப்பு? தமிழில் சூழ்நிலை என்றால் நிலைமை. “குடும்பச் சூழ்நிலை காரணமாக” என்று விடுப்புக் கடிதத்தில் எழுதுகிறோம். “இப்போ சூழ்நிலை சரியில்லை, அப்புறம் பேசலாம்” என்கிறோம். காலமும் மனநிலையும் சேர்ந்த சொல் அது. சூழ்நிலை மெனு என்றால், நிலைமை மோசமானால் தானாகத் திறக்கிற ஏதோ ஒன்று என்றுதான் புதிதாகப் படிப்பவர் நினைப்பார்.

‘சூழல் பட்டி’ இதைவிட மேல்தான். கட்டற்ற மென்பொருள் தமிழாக்கங்களில் புழங்குவது; அதைப் பரப்பியவர்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சூழல் என்ற சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. பொதுவழக்கில் சுற்றுச்சூழல். கணினியிலும் லினக்ஸின் திரைமுகப்புகளான க்னோம், கேடிஇ போன்றவற்றைப் பணிமேடைச் சூழல் என்கிறோம். இயங்குதளத்தில் ‘சூழல் மாறி’ (என்விரான்மென்ட் வேரியபிள்) என்று ஒன்று உண்டு. அப்படியானால் “பணிமேடைச் சூழலில் சூழல் பட்டியை மாற்ற” என்று எழுத வேண்டிவரும். இரண்டு சூழலும் ஒன்றா வேறா? படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். ஒரே துறைக்குள் ஒரே சொல்லை இரண்டு கருத்துக்குக் கொடுப்பது கலைச்சொல் ஆக்கத்தில் செய்யவே கூடாத காரியம்.

மூன்றாவது, ‘வலச்சொடுக்குப் பட்டி’. எளிமையாக இருக்கிறது என்று பலருக்கும் பிடிக்கிறது. எனக்கு இதன் மேல்தான் வருத்தம் அதிகம். இது பட்டிக்குப் பெயர் வைக்கவில்லை, விரலுக்கு வைக்கிறது. இடக்கைக்காரர் மௌஸ் பொத்தானை மாற்றி வைத்துக்கொண்டால் அதே பட்டி இடது பொத்தானில் திறக்கும். ஷிஃப்டோடு எஃப்10 தட்டினால் மௌஸே இல்லாமல் திறக்கும். தொடுதிரையில் விரலை அழுத்திப் பிடித்தால் திறக்கும். ஆப்பிள் நிறுவனம் 2005 வரை ஒற்றைப் பொத்தான் மௌஸ்தான் விற்றது. 1997இல் வந்த மேக் ஓஎஸ் 8இலேயே இந்தப் பட்டி உண்டு, கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்ய வேண்டும். வலமே இல்லாத இடத்தில் வலச்சொடுக்கு எங்கிருந்து வந்தது? பேச்சில் “ரைட் கிளிக் பண்ணுங்க” என்று சொல்வது வேறு. அது செய்கையைச் சொல்கிறது, சரியாகவே சொல்கிறது. செய்கையின் பெயரைப் பொருளுக்கு ஒட்டவைப்பதுதான் பிழை.

அந்தப் பட்டியை மாற்றி அமைக்க உட்கார்ந்து பார்த்தால் அதன் இயல்பு தெரியும். விண்டோஸில் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்தால் முதல் கேள்வியே ‘எங்கே?’ என்பதுதான். எல்லாக் கோப்பின் மேலும் வர வேண்டும் என்றால் * என்ற சாவிக்குள் (ரெஜிஸ்ட்ரியின் ஒரு பிரிவு) போக வேண்டும். ஃபோல்டரின் மேல் என்றால் ‘டைரக்டரி’. ஃபோல்டருக்குள் உள்ள வெற்றிடத்தில் என்றால் அதற்குள் இருக்கும் ‘பேக்கிரவுண்ட்’. இடத்தை முடிவு செய்த பிறகுதான் அதனுள் ‘ஷெல்’, அதன்கீழ் நாம் வைக்கிற பெயர், அதன்கீழ் ‘கமாண்ட்’. அந்தக் கட்டளையின் கடைசியில் "%1" என்று போட்டால்தான் எந்தக் கோப்பின் மேல் கிளிக் செய்தோமோ அது கருவிக்குப் போய்ச் சேரும். லினக்ஸில் தூனார் கோப்பு மேலாளரில், எந்த வகைக் கோப்பின் மேல் இந்த வரி தோன்ற வேண்டும் என்று குறிக்கத் தனித் தாவலே உண்டு. ஆக, சுட்டி நிற்கும் இடத்தை அறிந்து அதற்கு ஏற்றதைக் காட்டுவதுதான் இந்தப் பட்டியின் குணம்.

இதற்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை. பள்ளியில் ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்று கேள்வி வருமே, அந்த இடம்தான் கான்டெக்ஸ்ட். “இடம் பொருள் ஏவல் பார்த்துப் பேசு” என்கிறோமே, அதுவும் அதுதான். குறளில் 50ஆம் அதிகாரத்தின் பெயரே இடனறிதல். அதனால் நான் சொல்வது: இடனறி பட்டி. ‘இடப்பட்டி’ என்று சுருக்கினால் இடது பக்கப் பட்டி என்று படிப்பார்கள். ‘இடன்’ என்று எடுத்தால் அந்தக் குழப்பம் இல்லை. இலக்கண வாடை அடிக்கிறது என்று சிலர் சொல்லலாம். பத்தாம் வகுப்பு வரை படித்த யாருக்கும் புரியாத சொல் அல்ல இது.

பட்டி என்பது எங்கள் பக்கம் ஆடு அடைக்கிற இடம், பாதி ஊர்ப் பெயர்களின் வாலும் அதுதான். இருந்தாலும் மெனுவுக்கு அது நிலைத்துவிட்டது. பட்டியலை ‘லிஸ்ட்’டுக்கு விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

‘கஸ்டமைஸ்’ என்பதற்கு வைத்த ‘தனிப்பயனாக்கு’ மட்டும் ஒழிய வேண்டும். தனிப்பயன் என்றால் ஒருவருக்கு மட்டுமான பயன். நண்பர் கடைக் கணினியில் அந்த வரியைச் சேர்த்தது எல்லாப் பயனர் கணக்குக்கும் பொதுவாக. அதில் ‘தனி’ எங்கே இருக்கிறது? சேலத்தில் வெள்ளிக் கொலுசு வாங்கப் போகிறவர் தனக்கு வேண்டிய மாதிரி, வேண்டிய எடையில் கேட்டு வாங்கினால் அதைச் ‘சொல்லிச் செய்தது’ என்பார். தனிப்பயனாக்கிய கொலுசு என்று யாரும் சொல்வதில்லை. எழுத்தில் ‘மாற்றியமை’ போதும், ‘விருப்பப்படி அமை’ இன்னும் தெளிவு.

இதெல்லாம் மொழிபெயர்ப்பவர் திரையைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்ப்பதால் வருவது. சேர்வராயன் மலை ஆங்கிலேயர் வாயில் ஷெவராய் ஆனது. அதை அப்படியே திருப்பி எடுத்து ‘ஷெவராய் குன்றுகள்’ என்று ஏற்காட்டுக்காரர்களுக்கே எழுதிக் கொடுப்பதும் இதே பழக்கம்தான். மென்பொருள் தமிழாக்கத்துக்கு உதிரி உதிரியாகச் சரங்களை (திரையில் தோன்றும் சொற்றொடர்களை) அனுப்புகிறவர்கள், ஒவ்வொன்றோடும் அது தோன்றும் திரையின் படத்தையும் சேர்த்து அனுப்பட்டும். அப்படி அனுப்பாவிட்டால், கேட்டு வாங்கிய பிறகே மொழிபெயர்ப்பாளர் வேலையைத் தொடங்கட்டும்.