அம்மம்மாவின் சால்வையில் இருந்து தொடங்குங்கள்

ஒக்டோபர் பிறந்தால் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். மேப்பிள் இலைகள் நிறம் மாறி நிற்கும் இரண்டு மூன்று கிழமைக்குள், அதிலும் தாங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதியில், எனக்கு ஓய்வே இருக்காது. எல்லாரும் முதலில் கேட்பது, "என்ன நிறத்தில உடுப்புப் போடுறது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "படத்தில அம்மம்மா நிக்கிறாவா? சேலைக்கு மேல என்ன போடுவா?"

இப்படிக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஸ்காபரோவில், ஏரிக்கரையோரப் பூங்கா ஒன்றில் பதினொரு பேர் கொண்ட குடும்பம். மருமகள் ஒரு மாதம் அலைந்து எல்லாருக்கும் மஞ்சளும் அரக்குமாக எடுத்திருந்தார். பின்னேரம் ஐந்தரைக்கு வான் வண்டியில் இருந்து இறங்கினார்கள். ஏரிக் காற்று அடித்தது. அந்த அழகான உடுப்புகள் அத்தனைக்கும் மேல் கறுப்பு ஜக்கெட். ஒவ்வொரு முறையும் ஜக்கெட்டைக் கழற்றி வாங்கில் போடுவதும், படம் எடுத்ததும் ஓடிப்போய்ப் போடுவதுமாக இருந்தார்கள். எழுபத்தெட்டு வயது அம்மம்மா மெல்லிய பட்டுச் சேலையோடு நடுவில் நின்றார். முதல் படத்தில் சிரித்தார். ஐந்தாவதில் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டது, கை முந்தானைக்குள் இறுகிவிட்டது. போதாததற்கு, பின்னால் நின்ற மேப்பிளும் அதே மஞ்சள், அதே அரக்கு. உடம்பு எது, மரம் எது என்று தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவருடைய மகள் கூப்பிட்டு, அன்று எடுத்ததில் அம்மா நன்றாகச் சிரிக்கும் படம் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எல்லாக் கோப்பையும் திறந்து பார்த்தேன். அந்த முதல் படம் ஒன்றுதான் இருந்தது. குளிரைப் பற்றி நான் முன்கூட்டியே அவர்களோடு பேசியிருக்க வேண்டும்.

ஒக்டோபர் நடுவில் இங்கே பகலில் 14 பாகை இருந்தாலே நல்ல நாள். வெயில் சாய்ந்ததும் 10-க்குக் கீழே போய்விடும். அதனால் இந்தப் பருவத்தில் படத்தில் தெரியப்போவது மேலுடுப்புத்தான். அதை முதலில் தீர்மானியுங்கள். அதுவும் வீட்டில் மிக மூத்தவரிடம் இருந்து தொடங்குங்கள். அம்மம்மாவுக்குக் கை நீண்ட தேர்மல் உள்ளுடுப்பு, அதற்கு மேல் முழுக்கை பிளவுஸ், கொஞ்சம் தடித்த சேலை, தோளில் கம்பளிச் சால்வை. அவருக்குப் பிடித்த, அவர் வழக்கமாகப் போர்த்துகிற சால்வையாகவே இருக்கட்டும். அதில் மூன்று நிறம் இருந்தால் மற்றவர்களுக்கான நிறங்கள் அந்த மூன்றுக்குள் கிடைத்துவிடும். எல்லாரும் ஒரே துணியில் தைத்துப் போட வேண்டியதில்லை. பிள்ளைகளின் ஸ்வெட்டரையும் அப்பாவின் கோட்டையும் அந்தச் சால்வைக்கு அருகில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஒத்துவருகிறதா இல்லையா என்று உடனே தெரியும்.

இலைகள் மஞ்சளும் செம்மஞ்சளுமாக இருக்கும்போது எங்கள் தோல் நிறத்துக்கு மயில்கழுத்து, கருநீலம், கடும்பச்சை எல்லாம் அருமையாக எடுபடும். கூட்டத்தில் ஒருவர் கடுகு மஞ்சள் போடலாம். பதினொரு பேரும் போடக்கூடாது. இடத்தையும் பார்க்க வேண்டும். ரொறன்ரோவின் ஹை பார்க் பூங்காவில் ஓக் மரங்கள் அதிகம். அவை பிந்தித்தான் மாறும், மாறினாலும் துருப்பிடித்த பழுப்புத்தான். அங்கே அரக்குச் சேலை மரத்தோடு கலக்காமல் தனியாகத் தெரியும்.

கண்ணைப் பறிக்கும் பளீர் ஆரஞ்சு, ரோஸ் நிறங்களைக் கழுத்தருகே தவிருங்கள். வெளிச்சம் துணியில் பட்டு நாடிக்குக் கீழே அந்த நிறத்தைப் பூசிவிடும், பிறகு கணினியில் சரிசெய்வது பெரும் பாடு. மெல்லிய கோடு, பொடிக் கட்டம் போட்ட சேர்ட் கமெராவில் அலை அலையாக நெளியும். பட்டும் சரிகையும் கட்ட ஆசையென்றால் மேகமூட்டமான நாள்தான் தோதானது. வானம் இருண்டிருக்கிறது என்று தயவுசெய்து ரத்துச் செய்யாதீர்கள். அந்த வெளிச்சத்தில் சரிகை கண்ணைக் கூசாது, மழை நனைத்த இலையின் நிறமும் இன்னும் ஆழமாக இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: வெயிலில் தானாகக் கறுக்கும் மூக்குக்கண்ணாடி குளிரில் இன்னும் கூடுதலாகக் கறுக்கும். அப்பப்பாவின் கண்ணே தெரியாது. பழைய சாதாரணக் கண்ணாடி வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள். சப்பாத்தையும் மறக்க வேண்டாம், ஈர இலை நன்றாக வழுக்கும். பெரியவர்களுக்குப் பிடிமானமுள்ள சப்பாத்தும் தடித்த சொக்ஸும் போதும். நான் சேலையின் கரைவரைக்கும்தான் எடுப்பேன்.

ஒக்டோபர் நடுவில் சூரியன் ஆறரை மணியளவில் மறையும். ஐந்து மணிக்கே வந்துவிடுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்துவிட்டால் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு, அப்புறம் மூன்றரைக்கே தொடங்க வேண்டும். வந்ததும் முதல் பத்து நிமிடம் மூத்தவர்களோடுதான். பிள்ளைகள் அழுதாலும் பரவாயில்லை. அது முடிந்ததும் அம்மம்மாவை ஹீட்டர் போட்ட வானில் இருத்தி, பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியை ஊற்றிக் கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாக எடுக்கலாம்.