ஆலாவும் தட்டானும்

காசுக்கு ஆலாய்ப் பறக்கிறான் என்று திட்டுகிறோமே, அந்த ஆலாவைப் பார்க்கக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். மஞ்சள் அலகும் கலைந்த கருங்கொண்டையுமாகப் பெரிய கொண்டை ஆலா நீரைக் குனிந்து பார்த்தபடியே பறக்கும். மீன் தெரிந்ததும் தலைகுப்புறப் பாயும். மழைக்காலம் நெருங்கினால் அதே மணலுக்கு மேல் வெளிர்மஞ்சள் தட்டான்களும் கூட்டமாகத் திரியும். ஆலாவின் எடை 300 கிராமுக்கு மேல். தட்டான் அரை கிராம்கூட இல்லை.

பறவைக்கு இறக்கை என்பது கைதான்: எலும்பு, மூட்டு, அதன்மேல் இறகு. நெஞ்சின் பெரிய தசை இறக்கையைக் கீழே இழுக்கிறது. மேலே தூக்கும் தசையும் நெஞ்சில்தான் இருக்கிறது. அதன் தசைநாண் கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடுவதுபோலத் தோளைச் சுற்றிப் போய் இறக்கையைத் தூக்குகிறது. தட்டானின் இறக்கையிலோ எலும்புமில்லை, சதையுமில்லை. நரம்போடிய மெல்லிய படலம், அவ்வளவுதான். ஈயும் கொசுவும் மார்புக்கூட்டை நெளித்துத்தான் சிறகடிக்கின்றன. தட்டானுக்கு நான்கு இறக்கைகளின் அடியிலும் தனித்தனித் தசைகள் உண்டு. முன்னிறக்கை ஒரு தாளம், பின்னிறக்கை வேறு தாளம். அந்தரத்தில் நிற்பதும் சட்டென்று திரும்புவதும் அதனால்தான். இந்த இனத்துக்குப் பின்னிறக்கை அடியில் அகலம் அதிகம். காற்று கிடைத்தால் அடிக்காமலே மிதக்கும்.

உப்பு விஷயத்தில் ஆலா கொடுத்துவைத்தது. கடல்நீரையே குடிக்கலாம், கண்ணுக்கு மேலுள்ள சுரப்பிகள் உப்பைப் பிரித்து மூக்குத்துளை வழியே வெளியேற்றிவிடும். தட்டானின் குஞ்சுகளுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். மழைக்குட்டை போதும், ஒன்றரை மாதத்துக்குள் இறக்கை முளைத்துவிடும். ஆகவே மழை போகும் வழியே தட்டானும் போகிறது.

வேடிக்கை என்னவென்றால், கடலுக்கென்றே செய்ததுபோன்ற ஆலா பெரும்பாலும் கரையோரத்திலேயே மீன் பிடிக்கிறது. ஒரு சொட்டுக் கடல்நீரும் உதவாத தட்டான் கடலையே தாண்டுகிறது. குளம், ஓடை என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லாத மாலத்தீவுக்கு ஆண்டுதோறும் அக்டோபரில் தட்டான்கள் வந்திறங்குவதை அங்கு வசித்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் கவனித்தார். அவை இந்தியாவிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்றோடு கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009இல் எழுதினார். போய்வர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். ஆனால் போனது திரும்புவதில்லை; பேரனோ கொள்ளுப்பேரனோதான் வந்து சேர்கிறது.

இவ்வளவு தூரம் வழி தெரிந்த பூச்சி, கடற்கரையில் நிறுத்தியிருக்கும் காரிடம் ஏமாந்துவிடும். பளபளக்கும் கூரையில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் நீர்ப்பரப்பில் தெறிக்கும் ஒளியும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். வால்நுனியால் தொட்டுத் தொட்டு, சுடும் தகரத்தில் முட்டையிட்டுவிட்டுப் போகும்.