மாமாவின் லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

மாமாவின் லேப்டாப் 2014-இல் வாங்கியது. நாலு ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க், எழுத்துகள் பாதி தேய்ந்துபோன கீபோர்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்றலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. இவருடையதில் இரண்டும் கிடையாது.

“ஏப்பா, இலவசமா லினக்ஸுன்னு ஒண்ணு இருக்காமே, அதைப் போட்டுடலாமா?” என்றார். போடலாம் மாமா என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் குழம்பிப்போய் வந்தார். அலுவலக நண்பர் உபுண்டு என்றாராம். பக்கத்து வீட்டுப் பையன் ஆர்ச் என்றானாம். சர்வர்களைப் பராமரிக்கும் உறவுக்காரர் ஒருவர், லினக்ஸே வேண்டாம், ஃப்ரீபிஎஸ்டி போடுங்க என்று சொல்லிவிட்டாராம்.

“இதெல்லாம் வேற வேறயா, இல்ல எல்லாம் ஒண்ணுதானா?”

பாதி ஒன்று, பாதி வேறு. எந்தப் பாதி எது என்று தெரிந்தால் தேர்வு சுலபமாகிவிடும்.

கணினியைத் திறந்ததும் கண்ணில் படும் மெனு, ஜன்னல்கள், பிரவுசர் இவை எதுவும் லினக்ஸ் கிடையாது. லினக்ஸ் என்பது அடியில் கிடக்கும் கர்னல். கர்னல் என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எந்த நிரலுக்கு எப்போது பிராசஸர் கிடைக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு நினைவகம், டிஸ்க்கோடும் வைஃபையோடும் எப்படிப் பேசுவது என்பதைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. மேலே வருபவை எல்லாம் பல திசையிலிருந்து வருகின்றன. கட்டளைக் கருவிகளில் பெரும்பாலானவை 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் பிள்ளைகள். திரையில் தெரியும் டெஸ்க்டாப்பை க்னோம், கேடிஈ, எக்ஸ்எஃப்சிஈ என்று தனித்தனிக் குழுக்கள் எழுதுகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் மொஸில்லாவிலிருந்து வருகிறது.

இவற்றை எல்லாம் சேகரித்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி கட்டி, இன்ஸ்டால் செய்யத் தோதாகக் கொடுக்க யாராவது வேண்டும். அப்படிக் கட்டிக் கொடுக்கும் தொகுப்புக்குத்தான் டிஸ்ட்ரோ என்று பெயர். உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, ஆர்ச் எல்லாவற்றிலும் அதே கர்னல்தான், வயதுதான் கொஞ்சம் முன்பின். மளிகை ஒன்று, சமையல்காரர்கள் வேறு. நாம் தேர்ந்தெடுப்பது சமையல்காரரை.

சமையல்காரருக்குச் சமையல்காரர் எங்கே மாறுகிறார் என்றால், பெரும்பாலும் புதுச் சரக்கை எப்போது அடுப்பில் ஏற்றுகிறார் என்பதில்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பிற்பாடு வரும் தலைவலிகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் வருகிறது.

லினக்ஸில் ஒரு நிரல் தனியாக நிற்பதில்லை. படம் திறக்க ஒன்று, எழுத்து வரைய ஒன்று, பாதுகாப்பான இணைப்புக்கு ஒன்று என்று பொதுவான நூலகக் கோப்புகளை எல்லா நிரல்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இடம் மிச்சம். ஒரு நூலகத்தில் ஓட்டை அடைத்தால் அதைப் பயன்படுத்தும் அத்தனை நிரல்களுக்கும் அடைபட்டுவிடும். ஆனால் அந்த நூலகத்தின் புதுப் பதிப்பு, பழைய செயல்கூறு ஒன்றை நீக்கிவிட்டதென்றால், அதை நம்பியிருந்த நிரல்கள் எல்லாம் படுத்துவிடும். ஆக, ஒன்றைப் புதுப்பித்தால் அதோடு சேர்ந்த எல்லாவற்றையும் மறுபடி கட்டிச் சோதிக்க வேண்டும். யார், எப்போது?

டெபியன் 1993-இலிருந்து இருக்கிறது; தொடங்கிய இயன் மர்டாக், காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. அங்கே புதுப் பேக்கேஜ், அதாவது இன்ஸ்டால் செய்யத் தயாராகக் கட்டிய நிரல், முதலில் ‘அன்ஸ்டேபிள்’ என்ற வாசலில் நுழையும். சில நாள் பெரிய புகார் எதுவும் வராவிட்டால் ‘டெஸ்டிங்’ அறைக்குள் போகும். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த அறையைப் பூட்டி, மிச்சப் பிழைகளைத் திருத்தி, ‘ஸ்டேபிள்’ என்று வெளியிடுவார்கள். வெளியிட்ட பிறகு எதையும் லேசில் மாற்ற மாட்டார்கள். பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் பொதுவாகப் புதுப் பதிப்பைத் தருவதில்லை. புதுப் பதிப்பில் அந்த ஓட்டையை அடைத்த நாலு வரியை மட்டும் வெட்டியெடுத்து, பழைய பதிப்பில் தைத்துக் கொடுப்பார்கள். அதனால்தான் டெபியனில் ஒரு நிரலின் பதிப்பு எண்ணைப் பார்த்து, அடடா, இரண்டு வருடப் பழசு என்று பதறக் கூடாது. எண் பழசு, ஓட்டை அடைபட்டது. பிரவுசர் போன்ற சிலவற்றுக்கு மட்டும் இந்தத் தையல் வேலை கட்டுப்படியாகாது. அவற்றுக்குப் புதுப் பதிப்பே வரும்.

ஆர்ச் இதற்கு நேர் எதிர்த் திசை. அங்கே வெளியீடு என்று ஒரு நாளே கிடையாது. நிரலை எழுதியவர்கள் புதுப் பதிப்பு விட்டால், சின்னச் சோதனைக்குப் பிறகு அது உங்களுக்கு வந்துவிடும். அடிக்கடி அப்டேட் செய்ய வேண்டும், அதையும் முழுதாகச் செய்ய வேண்டும். ஆறு மாதம் திறக்காத மெஷினில் ஒரே ஒரு நிரலை மட்டும் புதுப்பித்தால், முன்னே சொன்ன நூலகச் சிக்கல் கதவைத் தட்டும். மாமா வாரத்துக்கு இரண்டு முறை லேப்டாப்பைத் திறப்பவர். பக்கத்து வீட்டுப் பையனின் யோசனை அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

நடுவில் இருப்பவை உபுண்டுவும் ஃபெடோராவும். உபுண்டு, டெபியனின் சரக்கை எடுத்துத் தன் பக்குவத்தில் கட்டுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் என்ற நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து வருட ஆதரவு. மின்ட் அந்த எல்டிஎஸ் மேல் கட்டப்படுவது. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆயுள். புத்தம்புதிய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குப் புதுக் கர்னல் தேவைப்படும், அவர்களுக்கு ஃபெடோரா நல்லது. பத்து வருடப் பெட்டிக்கு அந்த அவசரம் இல்லை.

சரி, அந்த ஃப்ரீபிஎஸ்டி?

அது பங்காளி வீடு. இருவருக்கும் பாட்டனார் 1969-இல் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் என்ற இயங்குதளம். 1956-இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தொலைபேசித் தொழிலைத் தாண்டி வேறு வியாபாரத்தில் இறங்க முடியாத நிலையில் பெல் லேப்ஸின் உரிமையாளரான ஏடி அண்டு டி இருந்தது. அதனால் யூனிக்ஸின் மூலநிரல் சொற்பக் கட்டணத்துக்குப் பல்கலைக்கழகங்களுக்குப் போனது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதை எடுத்து மெருகேற்றினார்கள், பிஎஸ்டி பிறந்தது. 1992-இல் பில் ஜோலிட்ஸும் லின் ஜோலிட்ஸும் அதை 386பிஎஸ்டி என்ற பெயரில் சாதாரண 386 கணினிக்குக் கொண்டுவந்தார்கள். அதே வருடம் ஏடி அண்டு டியின் துணை நிறுவனம், பிஎஸ்டியில் எங்கள் நிரல் இருக்கிறது என்று வழக்குப் போட்டது. 1994-இல் சமரசம் ஆனபோது, சுமார் 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தது வெறும் மூன்று! ஆனால் அதற்குள் இரண்டு வருடம் போய்விட்டது. ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-இல் தொடங்கிய கர்னல், யூனிக்ஸைப் பின்பற்றினாலும் புதிதாகவே எழுதப்பட்டது என்பதால் வழக்கு பயமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. நான் தொடங்கியபோது 386பிஎஸ்டி கிடைத்திருந்தால் அநேகமாக லினக்ஸே வந்திருக்காது என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அந்த 386பிஎஸ்டியின் வழியில் 1993-இல் வந்ததுதான் ஃப்ரீபிஎஸ்டி. இங்கே கர்னலையும் அடிப்படைக் கருவிகளையும் ஒரே குழு, ஒரே மூலநிரல் மரத்தில் வைத்து வளர்க்கிறது. கையேட்டையும் அதே குழுவே எழுதுகிறது. பிரவுசர், டெஸ்க்டாப் போன்ற வெளிச்சரக்கு எல்லாம் தனியாக ஒரு அடைவுக்குள் போய் உட்காரும். வெளிச்சரக்கு அத்தனையையும் துடைத்து அழித்தாலும் அடிப்படை அமைப்பு சிராய்ப்பில்லாமல் நிற்கும். லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில் அப்படி ஒரு கோடு கிடையாது. கர்னலும் ஒரு பேக்கேஜ், சொலிட்டேர் விளையாட்டும் ஒரு பேக்கேஜ். இந்த ஒழுங்குக்காகவே சர்வர்காரர்கள் பிஎஸ்டியை விரும்புகிறார்கள். எனக்கும் அதன் கையேட்டின் மேல் ஒரு பொறாமை உண்டு.

லேப்டாப்பில்தான் இடிக்கும். இன்டெல், ஏஎம்டி பொறியாளர்கள் தங்கள் சிப்களை இயக்கும் டிரைவர் நிரல்களை லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே நேராக எழுதிக் கொடுக்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டி அவற்றில் பலவற்றை ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு வைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நேரம் பிடிக்கிற வேலை. இன்டெல்லின் பல வைஃபை சிப்கள் 2025 ஜூனில் வந்த 14.3 பதிப்புக்கு முன்னால் அங்கே பழைய தலைமுறை வேகத்தில்தான் ஓடின. இன்ஸ்டால் செய்து முடித்ததும் வெறும் எழுத்துத் திரை வந்து நிற்கும். டெஸ்க்டாப்பை நாம்தான் ஏற்ற வேண்டும். உறவுக்காரரின் யோசனை நல்ல யோசனைதான், ஆனால் வேறு மெஷினுக்கு.

இவ்வளவையும் கேட்ட மாமா, “அப்ப நீயே ஒண்ணு சொல்லிடு” என்றார். நான் சொல்வதைவிட லேப்டாப்பே சொல்லட்டும் என்று ஒரு எட்டு ஜிபி பென்டிரைவை எடுத்தேன்.

டிஸ்க்கில் ஒரு எழுத்தையும் தொடாமல், பென்டிரைவிலிருந்தே முழு லினக்ஸையும் ஓட்டிப் பார்க்க முடியும். லைவ் முறை என்பார்கள். பென்டிரைவில் மொத்த அமைப்பும் ஒரே கோப்பாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அதைப் படிக்கலாம், எழுத முடியாது. அப்புறம் எப்படி அதில் கோப்பு சேமிக்க முடிகிறது, வால்பேப்பர் மாற்ற முடிகிறது? அச்சடித்த படத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து எழுதுவதுபோல. கர்னல், ராமில் ஒரு வெற்று அடுக்கை உண்டாக்கி, அதைச் சுருக்கிய கோப்பின் மேல் வைக்கிறது. நாம் பார்ப்பது இரண்டையும் சேர்த்து. எழுதினால் மேல்தாளில் விழும். ஒரு கோப்பை அழித்தால் அடியில் இருப்பது போகாது. மேல்தாளில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பூச்சு விழும், அவ்வளவுதான். மின்சாரத்தை நிறுத்தினால் ராமோடு தாளும் போயிற்று, படம் பழையபடி.

எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டாப் உள்ள ஒரு டிஸ்ட்ரோவின் பழைய இன்ஸ்டால் கோப்பு கையில் இருந்தது. பூட் செய்தேன். திரை வந்தது, சத்தம் வந்தது, வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிந்தது. வைஃபை மட்டும் இல்லை. பட்டியலில் ஒரு நெட்வொர்க்கும் காட்டவில்லை.

“கெட்டுப்போச்சா?” என்றார் மாமா.

கெடவில்லை. பல வைஃபை சிப்கள் தாமே ஒரு குட்டிக் கணினி. மின்சாரம் வந்ததும் அவற்றின் நினைவகம் காலியாக இருக்கும். ஒவ்வொரு முறையும் டிரைவர்தான் ஃபர்ம்வேர் என்ற கோப்பை எடுத்து அதற்குள் ஊட்ட வேண்டும். கர்னலின் பதிவேட்டைப் பார்த்தபோது அதில் விஷயம் பளிச்சென்று இருந்தது: டிரைவர் சிப்பைக் கண்டுகொண்டது, ஃபர்ம்வேரைத் தேடியது, கோப்பு கிடைக்கவில்லை. இந்தக் கோப்புகளின் மூலநிரலைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. அதனால் கட்டற்ற மென்பொருளில் பிடிவாதமாக இருந்த டெபியன், நெடுங்காலம் தன் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் அவற்றைச் சேர்க்கவே இல்லை. 2022-இல் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறார்கள். கொள்கை பார்த்தால் வருத்தம்தான். வைஃபை இல்லாத லேப்டாப்பைப் பார்த்தால் நிம்மதி.

வைஃபையை ஓட்ட ஃபர்ம்வேரை இறக்க வேண்டும், இறக்க வைஃபை வேண்டும். மாமாவின் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங்கை ஆன் செய்ததும் இணையம் வந்துவிட்டது. அந்தப் போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கர்னல்தான் என்றபோது அவர் நம்பாமல் போனைத் திருப்பிப் பார்த்தார். அந்த இணையத்தில், ஃபர்ம்வேரை உள்ளடக்கிய டெபியன் 13-இன் எக்ஸ்எஃப்சிஈ லைவ் கோப்பை இறக்கி, இன்னொரு பென்டிரைவில் எழுதி மறுபடி பூட் செய்தேன். வைஃபை பட்டியலில் தெருவே தெரிந்தது.

அடுத்த சோதனை தமிழ். தமிழ்நாடு அரசு தந்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் பார்த்தவர்கள் இதை வாசிப்பவர்களில் இருப்பீர்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையத்தில் டெபியனை வைத்துக் கட்டியது அது. இன்றைக்குத் தமிழுக்கென்று தனி டிஸ்ட்ரோ தேவையில்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலையும் அதன் எம்17என் பேக்கேஜையும் ஏற்றினால் தமிழ்99, ஒலியியல் முறை எனப் பல விசைப்பலகைகள் வந்துவிடும். ஆனால் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களில் பேஜ்மேக்கரை நம்பி அச்சுத்தொழில் செய்பவர்கள், டேலியில் கணக்கு எழுதுபவர்கள் அவசரப்பட்டு விண்டோஸை அழிக்க வேண்டாம். அவை லினக்ஸுக்கென்று வருவதில்லை. மாமாவுக்கு வேண்டியது பிரவுசர், கடிதம் எழுத லிப்ரெஆபிஸ், பழைய பாட்டுக் கேட்க ஒரு பிளேயர்.

கடைசியாக, மூடியைச் சாத்தித் திறந்து பார்த்தேன். தூங்கப் போய் எழுந்திருக்காத லேப்டாப்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இது எழுந்துகொண்டது. டிஸ்க்கில் இருந்த போட்டோக்களை நகல் எடுத்துவிட்டு, அதே டெபியன் 13-ஐயே இன்ஸ்டால் செய்தேன். உபுண்டுவோ மின்ட்டோ போட்டிருந்தாலும் ஓடியிருக்கும். ஆனால் எதுவும் சட்டென்று மாறாத இடம் அவருக்குத் தோது என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், டிஸ்ட்ரோவைவிட வேகத்தைக் கூட்டியது சுழலும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மாட்டிய 240 ஜிபி எஸ்எஸ்டிதான். ராம் அதே நாலு ஜிபிதான் என்பதால் பிரவுசரில் பத்து டேபுக்கு மேல் திறக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் போய்ப் பார்த்தபோது இருபத்துமூன்று திறந்திருந்தார்.

கழற்றிய பழைய டிஸ்க் என்னிடம் இருக்கிறது. வீட்டு மூலையில் கிடக்கும் டெஸ்க்டாப்பில் அதை மாட்டி, குடும்பப் போட்டோக்களைச் சேர்த்து வைக்க ஒரு பெட்டியாக்கலாம் என்று யோசனை. அதற்கு வைஃபை வேண்டாம், மூடியும் கிடையாது. உறவுக்காரருக்குப் போன் போட்டு, ஃப்ரீபிஎஸ்டியை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டேன். கையேட்டின் முதல் பக்கத்திலிருந்து என்றார்.