மாமியாரிடம் சொன்ன வார்த்தை

"நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன், நீர் தங்கும் இடத்திலே நானும் தங்குவேன்." இந்த வசனத்தைச் சில கல்யாணப் பத்திரிகைகளில் பொன்னெழுத்தில் பார்த்திருக்கிறேன், மணமகள் மணமகனைப் பார்த்துச் சொல்வதுபோல. பைபிளில் ரூத்தின் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அது ஒரு மருமகள் தன் மாமியாரிடம் சொன்னது, அதுவும் புருஷன் செத்த பிறகு. திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை வகுப்புகளில் இதைச் சொன்னதும் மணப்பெண்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் குறும்பாகத்தான் இருக்கும்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது சிரிக்கிறதுக்காக இல்லை. குடும்ப ஆலோசகராக உட்கார்ந்திருக்கும் எனக்கு முன்னால் பைபிளை விரித்து வைத்து "இதிலேயே இருக்கே" என்று ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் பாதி வசனத்தோடுதான் வருகிறார்கள்.

அப்படி வந்த ஒரு குடும்பம் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மூத்த மகன் பைக் விபத்தில் போய் எட்டு மாதம், குழந்தை இல்லை. மருமகளை இளைய மகனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்பது மாமனாரின் யோசனை. உபாகமம் 25இல் அடையாளம் வைத்து எடுத்து வந்திருந்தார். "சகோதரர் ஒன்றாய்க் குடியிருக்கும்போது, அவர்களில் ஒருவன் புத்திரசந்தானமில்லாமல் மரித்தால்" என்று ஐந்தாம் வசனத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு மூடிவிட்டார். இளையவன் குனிந்த தலை நிமிராமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

"பத்தாம் வசனம் வரைக்கும் வாசியுங்கள் ஐயா" என்றேன்.

வாசித்தால் கதையே வேறு. கொழுந்தன் மாட்டேன் என்றால் அந்த விதவை ஊர் வாசலில் இருக்கும் மூப்பரிடம் போய் அவன்மேல் முறையிடலாம். அவர்கள் கூப்பிட்டுப் பேசியும் அவன் மறுத்தால் எல்லார் முன்னாலும் அவன் காலிலிருந்து செருப்பைக் கழற்றி, அவன் முகத்தில் துப்பலாம். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கே 'பாதரட்சை கழற்றிப்போடப்பட்டவன் வீடு' என்று பெயர். அதாவது கடமை ஆண்மேல், முறையிடும் உரிமை பெண்ணுக்கு. செத்தவன் பெயர் அழிந்துபோகக் கூடாது, பிள்ளையில்லாத விதவை நடுத்தெருவில் நிற்கக் கூடாது, அதற்காக வந்த ஏற்பாடு. யூதர்களிலேயே பலர் பின்னாளில் இந்தக் கல்யாணத்தை ஒதுக்கி, செருப்பைக் கழற்றி இருவரையும் விடுவிக்கும் 'ஹலிட்சா' சடங்குக்கு வந்துவிட்டார்கள். 1950இல் இஸ்ரேலின் தலைமை ரபிகளும் அதையே விதியாக்கினார்கள்.

இந்தக் கடமையை ஒரு மாமனாரே தட்டிக்கழித்த கதை ஆதியாகமம் 38இல் இருக்கிறது. யூதா தன் விதவை மருமகள் தாமாரை "என் இளைய மகன் சேலா பெரியவனாகட்டும்" என்று அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறான். கடைசியில் அவள் கர்ப்பம் என்று கேட்டதும் அவளைச் சுட்டெரிக்கச் சொன்ன அதே ஆள், அந்தக் கர்ப்பத்துக்குத் தானே காரணம் என்று காட்டும் தன் முத்திரை மோதிரத்தையும் கோலையும் பார்த்ததும், "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்கிறான். மனத்தாழ்மை என்றால் மருமகள் தலைகுனிந்து நிற்பது என்று நினைக்கும் மாமனார்களுக்கு நான் காட்டும் இடம் இது. ஒரு குலத்தலைவனே 'தப்பு என்மேல்' என்று சொல்கிறான்.

ரூத்துக்கு வருவோம். மோவாபில் கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்த நகோமி, பெத்லகேமுக்குத் திரும்பும் வழியில் மருமகள் இருவரையும் பார்த்து முதலில் சொன்னது, உங்கள் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்பதுதான். ஒர்பாள் அழுது, முத்தமிட்டுப் போய்விடுகிறாள். அவளைப் பற்றி வேதம் ஒரு குறையும் சொல்லவில்லை. ரூத் மட்டும் மாமியாரைப் பற்றிக்கொண்டாள். அந்த இடத்தில் வரும் 'தாவக்' என்ற எபிரெய வினைச்சொல்தான், புருஷன் தன் மனைவியோடு இசைந்திருப்பான் என்று ஆதியாகமம் 2:24இல் வருவதும். போ என்று விட்ட பிறகு, போகாமல் நின்றவள் அவள். விடாமல் பிடித்து வைத்திருந்தால் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு?

அப்புறம் போவாஸ். பணக்காரன், வயதில் மூத்தவன். களத்தில் ரூத் வந்து, உம்முடைய போர்வையை என்மேல் விரியும், நீர் சுதந்தரவாளி (மீட்கும் கடமையுள்ள நெருங்கிய உறவினன்) என்கிறாள். கல்யாணம் செய்துகொள் என்று பெண்ணே கேட்கிறாள். அவன் சரி என்கிறான், ஆனால் என்னைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் இருக்கிறான், முதல் உரிமை அவனுக்கு என்கிறான். மாமியாரிடம் வெறுங்கையோடு போகாதே என்று ஆறு படி வாற்கோதுமையைக் கட்டிக் கொடுக்கிறான். விடிந்ததும் ஊர் வாசலில் பத்து மூப்பரை உட்காரவைத்துப் பேச்சை எடுக்கிறான். நகோமி குடும்பத்து நிலத்தை மீட்கிறேன் என்ற அந்த உறவினன், ரூத்தையும் சேர்த்து என்றதும் தன் சொத்து கெட்டுப்போகும் என்று செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். எபிரெயத்தில் அவனை 'பெலோனி அல்மோனி', அதாவது இன்னான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அடுத்தவன் பெயரை நிலைநிறுத்த மறுத்தவனுக்குப் பெயரே இல்லை.

அன்றைக்கு என் அறையில் சொத்துப் பேச்சு வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. மூத்தவன் பெயரில் ஒரு மனை. உயில் இல்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925இன்படி, பிள்ளையில்லாத கிறிஸ்தவனின் சொத்தில் பாதி மனைவிக்கு, அப்பா உயிரோடிருந்தால் மீதி அவருக்கு. கொழுந்தனுக்குக் கட்டிவைத்தால் மனை வெளியே போகாது, அவ்வளவுதான் கணக்கு. வழக்கறிஞரிடம் போங்கள் என்று சொல்லிவிட்டு இளையவனிடம், "உனக்கு இஷ்டமா?" என்றேன். தனக்கு வேறொரு பெண் இருப்பதாகச் சொன்னான்.

வந்ததிலிருந்து வாய் திறக்காத மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "நகோமி போகச் சொன்னது எந்த வசனம்?" என்று கேட்டார். ரூத் 1:8 எடுத்துக் கொடுத்தேன். விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்துவிட்டு, புத்தகத்தை அப்படியே கணவர் பக்கம் தள்ளிவைத்தார்.