அலுமினியச் சுவருக்குள் வைஃபை: மோட்டார்ஹோமில் சிக்னலைப் பிடிப்பது எப்படி?

வண்டிக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் போனில் மூன்று கோடு சிக்னல். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் ஒரு கோடு. சில சமயம் அதுவும் போய்விடுகிறது. வீட்டு வசதிகள் கொண்ட பயண வண்டியான மோட்டார்ஹோமில் பயணம் செய்பவர்கள் அத்தனை பேருக்கும் இது தெரிந்த கதை. பழி முழுவதும், வண்டிகள் தங்கும் முகாமின் வைஃபை ரவுட்டர் மேல் விழும். சிக்னலைப் பெருக்கித் தருவதாகச் சொல்லும் பூஸ்டர் ஒன்றை வாங்கி, மேசைக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகுவார்கள். பெரிய மாற்றம் ஒன்றும் வராது. வரவும் முடியாது, பெருக்குவதற்கான சிக்னலே அந்த இடத்துக்கு வந்து சேரவில்லையே! சிக்னலைப் பிடிக்கும் இடத்தை மாற்றினால் கிடைக்கும் பலன், பலத்தைக் கூட்டுவதால் கிடைப்பதைவிடப் பல மடங்கு பெரிது. அது ஏன் என்று புரிய, முதலில் வண்டியின் சுவரைக் கவனிக்க வேண்டும்.

வைஃபை என்பது ரேடியோ அலை. உலோகத்தில் படும் ரேடியோ அலை, அதன் மேற்பரப்பில் உள்ள எலக்ட்ரான்களை ஆட்டிவைக்கிறது. அந்த ஆட்டம் வந்த அலையைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. உலோகத்துக்குள் நுழையும் மிச்சமும் வெகு சீக்கிரம் தேய்ந்துபோகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை அலுமினியத்துக்குள் 1.7 மைக்ரோமீட்டர் ஆழம் போவதற்குள் அதன் வீச்சு ஏறக்குறைய 37 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. அடுத்த 1.7 மைக்ரோமீட்டரில் மறுபடியும் அதே விகிதத்தில் குறையும். சமையலறை அலுமினியத் தாளே இதைப்போலப் பல மடங்கு தடிமன். அப்படியிருக்க, வண்டியைப் போர்த்தியிருக்கும் தகட்டின் வழியாக எதுவும் உள்ளே வரப்போவதில்லை. 1836-ல் மைக்கேல் ஃபாரடே ஒரு அறைக்கு உலோகத் தாள் ஒட்டி, வெளியே பாயும் மின்சாரத்தின் தாக்கம் உள்ளே எட்டுவதில்லை என்று காட்டினார். அலுமினிய உடல் கொண்ட மோட்டார்ஹோம், சக்கரம் பூட்டிய ஃபாரடே கூண்டுக்கு மிக அருகில் வருகிறது.

அப்படியானால் உள்ளே வரும் அந்த ஒரு கோடு எப்படி வருகிறது? ஜன்னல் வழியாக. அக்ரிலிக் ஜன்னல்கள் ரேடியோ அலையைத் தாராளமாக விடுகின்றன. ஆனால் வெயிலைத் தடுக்க வெள்ளிப் பூச்சுள்ள திரையை இறக்கினால், அந்த வழியும் பெருமளவு அடைபடும். போனில் சிக்னல் அளவை எண்ணாகக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, திரையை ஏற்றி இறக்கிப் பாருங்கள். எண் கண்ணெதிரே ஆடும். கண்ணாடியிழைச் சுவர் கொண்ட வண்டிகள் இந்த விஷயத்தில் பரவாயில்லை. ஆனால் அவற்றிலும் வெப்பக் காப்புக்காக உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பலகை வைத்திருந்தால் நிலைமை ஏறத்தாழ ஒன்றுதான்.

இன்னொரு விசித்திரம். ஜன்னல் வழியே நுழைந்த அலை உள்சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்புகிறது. பல திசைகளிலிருந்து வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டும், இன்னோர் இடத்தில் அழிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. அதில் பாதி, அதாவது ஆறு செ.மீ. இடைவெளியில், ஓர் இடம் நன்றாகவும் பக்கத்து இடம் மோசமாகவும் இருக்க முடியும். லேப்டாப்பை மேசையில் நான்கு விரல் தள்ளி வைத்ததும் அறுந்த இணைப்பு திரும்ப வருவதற்கு இதுதான் காரணம். காசு செலவில்லாத முதல் வைத்தியமும் இதுவே.

இப்போது கொஞ்சம் கணக்கு. போன் காட்டும் கோடுகளை நம்பிப் பயனில்லை. எத்தனை பலத்துக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டப்படி வைக்கிறார். பொறியாளர்கள் பார்ப்பது டிபிஎம் என்ற அளவை. ஒரு மில்லிவாட் என்பது 0 டிபிஎம். ஒவ்வொரு 10 இறங்கும்போதும் பலம் பத்தில் ஒன்றாகும்; 3 இறங்கினால் பாதியாகும். இந்த ஏற்ற இறக்கத்தை டெசிபல் கணக்கில் சொல்வார்கள். முகாமின் ரவுட்டர் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம், அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தடையே இல்லாத வெட்டவெளியில், 2.4 கிகாஹெர்ட்ஸில், 100 மீட்டர் தூரம் 80 டெசிபலை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது -60 டிபிஎம். ஒரு வாட்டை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! வைஃபைக்கு அது நல்ல சிக்னல். வீடியோ தடங்கலில்லாமல் ஓடும். இதற்குமேல் வண்டிச் சுவர் ஒரு 20 டெசிபலைத் தின்றால் -80. இணைப்பு இருப்பதுபோலத் தெரியும், இணையப் பக்கம் திறக்காது. -90 வாக்கில், எப்போதும் பின்னணியில் இருக்கும் இரைச்சலோடு சிக்னல் கலக்கத் தொடங்கிவிடும்.

தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல்தான் போகும். அதாவது 100 மீட்டரிலிருந்து 200 மீட்டருக்குத் தள்ளி நிறுத்தினால் ஏற்படும் இழப்பைவிட, கதவைச் சாத்திக்கொள்வதால் ஏற்படும் இழப்பு பல மடங்கு அதிகமாக இருக்கலாம். சுவரின் கொடுமையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு ஒப்பீடு போதும்.

சிக்னல் குறையும்போது இணைப்பு சட்டென்று அறுவதில்லை. ரவுட்டரும் போனும் சேர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. சிக்னல் மிகத் தெளிவாக இருந்தால் வைஃபை 6 ஒரு துடிப்பில் 10 பிட் வரை ஏற்றும். மங்கினால் எட்டு, ஆறு, நான்கு என்று இறங்கி, கடைசியில் ஒரே ஒரு பிட். அதே பக்கத்தைத் தர இப்போது பல மடங்கு நேரம் பிடிக்கும். வைஃபையில் ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு பகுதியில், ஒரு நேரத்தில் பொதுவாக ஒருவர்தான் பேச முடியும் என்பதால், மெதுவாகப் பேசும் உங்கள் லேப்டாப் முகாமில் மற்ற எல்லாருடைய நேரத்தையும் பிடித்துவைக்கிறது. ஆக, ஒரு வண்டியின் சிக்னலைச் சரிசெய்தால் பக்கத்து வண்டிக்காரருக்கும் நன்மை. இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் சொல்வது போனுக்குக் கேட்டால் மட்டும் போதாது. போன் சொல்வது ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். பேட்டரியில் ஓடும் போன், சுவரில் மாட்டிய ரவுட்டரைவிடப் பெரும்பாலும் குறைந்த பலத்தில்தான் அனுப்பும். திரையில் தெரியும் கோடு நமக்கு என்ன கேட்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. "சிக்னல் இருக்கிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை" என்ற புலம்பலுக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது இந்த ஒருபக்கத் துண்டிப்புதான்.

இரண்டு பக்கத்தையும் ஒரே அடியில் சரிசெய்யக்கூடியது ஆண்டெனா. அது புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. தூரத்தில் பேசுபவர் சொல்வதைக் கேட்கக் காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவிக்கிறோமே, அதே வேலை: வேண்டிய திசையைக் கூட்டி, மற்றவற்றைக் குறைப்பது. பெருக்கி அப்படிச் செய்யாது. சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும், போதாததற்குத் தன் இரைச்சலையும் கொஞ்சம் சேர்க்கும். ஆண்டெனாவின் திசைத்திறன் கேட்கும்போதும் பயன்படும், பேசும்போதும் பயன்படும். அனுப்பும் பலத்துக்குப் பல நாடுகள் சட்டப்படி உச்சவரம்பு வைத்திருக்கின்றன; ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆண்டெனாவின் திசைத்திறனையும் சேர்த்து 100 மில்லிவாட்தான். கேட்பதற்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை.

எந்த ஆண்டெனா? நாலாபுறமும் கேட்கும் கம்பி ஆண்டெனா வசதியானது. வண்டியை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினாலும் கவலையில்லை. ஆனால் அதன் திறனைக் கூட்டக் கூட்ட, அது கேட்கும் பரப்பு தட்டையாகிக்கொண்டே போகும். 8 டிபிஐ (ஆண்டெனாவின் திசைத்திறனை அளக்கும் அலகு) அளவுள்ள கம்பி, மேல்கீழாகச் சுமார் 15 டிகிரிக்குள்தான் நன்றாகக் கேட்கும். வண்டி சரிவில் சாய்ந்து நின்றால் ஒருபக்கம் வானத்தையும் மறுபக்கம் தரையையும் பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய எண்ணைப் பார்த்து வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான். மிதமான கம்பியே வண்டிக்குப் பொருத்தம். ஒரே இடத்தில் பல நாள் தங்குபவர்களுக்குத் திசை ஆண்டெனா நல்லது. 1926-ல் ஜப்பானில் ஷிண்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி இருவரின் ஆய்விலிருந்து வந்த யாகி-உடா ஆண்டெனா, பழைய வீட்டு மாடிகளில் டிவிக்காக நின்ற அதே மீன்முள் வடிவம், வைஃபைக்கும் ஒத்துவரும். அலைநீளம் சிறியது என்பதால் அளவும் சிறியதாகிவிடும். ரவுட்டர் இருக்கும் திசையைப் பார்த்து மெதுவாகத் திருப்பி, டிபிஎம் எண் எங்கே உச்சம் தொடுகிறதோ அங்கே இறுக்கிவிட வேண்டும்.

ஆண்டெனாவை உயரத்தில் வைக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டு ஆண்டெனாக்களுக்கு நடுவே அலை நூல் பிடித்ததுபோல நேர்கோட்டில் மட்டும் போவதில்லை. நடுவில் உப்பிய நீள்வட்டமான ஒரு பரப்பு முழுவதையும் பயன்படுத்துகிறது. இதற்கு ஃபிரெனெல் மண்டலம் என்று பெயர். 2.4 கிகாஹெர்ட்ஸில் 100 மீட்டர் தூரத்துக்கு, நடுவில் அதன் ஆரம் கிட்டத்தட்ட 1.8 மீட்டர். எதிரில் உள்ள ரவுட்டர் கண்ணுக்குத் தெரிந்தாலும், இடையில் நிற்கும் வண்டிகளின் கூரைகள் இந்த மண்டலத்தைக் கீழிருந்து கடித்துவிட்டால் சிக்னல் குறையும். கூரைமேல் ஒரு கழியில் ஒரு மீட்டர் ஏற்றினாலே வித்தியாசம் தெரிவது அதனால்தான். பயணம் புறப்படும்போது கழியை இறக்க மறந்துவிடக் கூடாது. மரங்களும் தடைதான், அதிலும் மழையில் நனைந்த இலைகள் அலையை நன்றாகவே உறிஞ்சும். நிழலுக்காக மரத்தடியில் நிறுத்துவதா, சிக்னலுக்காக வெளியில் நிறுத்துவதா என்பது அவரவர் முடிவு.

ஆண்டெனாவைக் கூரையில் வைத்தாயிற்று. அங்கிருந்து உள்ளே சிக்னலைக் கொண்டுவரும் கேபிளில்தான் நிறையப் பேர் சம்பாதித்ததைத் தொலைக்கிறார்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபலை விழுங்கும். ஐந்து மீட்டர் ஓடினால் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். தடித்த எல்எம்ஆர்-400 கேபிளில் இழப்பு மீட்டருக்குக் கால் டெசிபலுக்கும் குறைவு, ஆனால் அதை வண்டியின் மூலைமுடுக்கில் வளைப்பது பெரும்பாடு. இதைவிடச் சிறந்த வழி, ரேடியோவையே மேலே ஏற்றிவிடுவது. மழைக்குத் தாங்கும் பெட்டிக்குள் ஆண்டெனாவும் வைஃபை ரேடியோவும் ஒன்றாக இருக்கும்; கீழே வருவது ஈதர்நெட் கேபிள் மட்டும். அதில் வருவது டிஜிட்டல் தகவல் என்பதால் 100 மீட்டர் வரை ஒரு பிட் கூடக் குறையாது. அதே கேபிளிலேயே மின்சாரத்தையும் மேலே அனுப்பலாம். வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: வண்டியின் பேட்டரி 12 வோல்ட், பல கூரைக் கருவிகள் 24 அல்லது 48 வோல்ட் கேட்கும், நடுவே ஒரு மாற்றி தேவைப்படும்.

கீழே வந்த ஈதர்நெட்டை வண்டிக்குள் ஒரு சின்ன ரவுட்டரில் செருகினால், உள்ளே உங்களுக்கென்று தனி வைஃபை. வெளி ரேடியோ முகாமோடு பேசும், உள் ரவுட்டர் உங்கள் கருவிகளோடு பேசும். பிளக்கில் செருகும் மலிவான ரிப்பீட்டர்களில் பல, ஒரே ரேடியோவை வைத்து இரண்டு வேலையையும் செய்கின்றன. கேட்டதை அதே சேனலில் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகிறது. இரண்டு ரேடியோ இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை: வெளியே 2.4, உள்ளே 5 கிகாஹெர்ட்ஸ். இதுவரை எதிரியாக இருந்த அலுமினியச் சுவர் இப்போது உதவிக்கு வருகிறது. உங்கள் 5 கிகாஹெர்ட்ஸ் வெளியே அதிகம் கசியாது, அடுத்தவருடையது உள்ளே வந்து அதிகம் இரைச்சல் போடாது.

இந்த அமைப்பில் முகாமின் உள்நுழைவுப் பக்கத்தில் ஒரு கருவியிலிருந்து பதிவுசெய்தால் பெரும்பாலும் எல்லாக் கருவிகளுக்கும் இணையம் வந்துவிடும். முகாமின் கண்ணுக்கு உங்கள் வண்டி முழுவதும் ஒரே கருவி. எல்லாம் இணைந்தும் இணையம் வராவிட்டால், முதலில் ரவுட்டரின் நெட்வொர்க் முகவரியை (ஐபி முகவரி) பாருங்கள். முகாமின் நெட்வொர்க்கும் உங்கள் ரவுட்டரும் இரண்டுமே 192.168.1 என்று தொடங்கினால் உங்கள் ரவுட்டருக்கு உள்ளே எது, வெளியே எது என்று பிரித்தறிய முடியாது. உங்களுடையதை 192.168.50 என்பதுபோல மாற்றினால் சரியாகிவிடும்.

வெளி இணைப்புக்கும் 5 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்தலாமா? அதே 100 மீட்டருக்கு அது 7 டெசிபல் அதிகம் இழக்கும், இலைகளையும் சுவர்களையும் தாண்டத் திணறும். ஆனால் 2.4-ல் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். மாலையில் முகாம் நிரம்பியதும் எல்லாரும் அந்த மூன்றில் முண்டியடிப்பார்கள்; மைக்ரோவேவ் அடுப்புகளும் 2.45-ல்தான் இயங்குகின்றன. ரவுட்டர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் நான் 5-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் கூரையில் துளை போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். போனை எடுத்துக்கொண்டு முகாமின் ரவுட்டருக்கு நேர் கீழே போய் நில்லுங்கள். வேகத்தை அளந்து பாருங்கள், அதுவும் கூட்டம் மிகுந்த மாலை நேரத்தில். அங்கேயே மெதுவாக இருந்தால் குறை காற்றில் இல்லை. முகாமுக்கு வரும் இணைய லைனை இத்தனை பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். எந்த ஆண்டெனாவும் அதைச் சரிசெய்யாது. அந்த இடங்களில் சிம் போட்ட 4ஜி அல்லது 5ஜி ரவுட்டர்தான் வழி. அதற்கும் அதே சுவர், அதே விதி: ஆண்டெனா கூரைக்கு வெளியே, கேபிள் முடிந்தவரை குட்டையாக. கேபிள் மட்டும் ஒன்றுக்குப் பதில் குறைந்தது இரண்டு ஓடும், ஏனென்றால் மொபைல் ரவுட்டர்கள் ஒரே நேரத்தில் பல ஆண்டெனாக்களில் கேட்டு வேகத்தைக் கூட்டுகின்றன. டவரின் சிக்னலைப் பெருக்கி மறுபடி ஒலிபரப்பும் மொபைல் பூஸ்டர்களை வாங்கும் முன், நீங்கள் போகும் நாட்டில் அவற்றுக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டவருக்கே இடைஞ்சல் செய்யக்கூடியவை என்பதால் பல இடங்களில் கட்டுப்பாடு இருக்கிறது. ஒப்புதல் பெற்ற ரவுட்டரில் அதற்கேற்ற ஆண்டெனாவைப் பொருத்துவதற்குப் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை.