எம்பிபிஎஸ் என்றால் பிட்டா, பைட்டா?

தக்கலையில் இருக்கும் மாமா தன் வீட்டு இணைய இணைப்பைப் பற்றிக் கேட்கப் போன வாரம் கூப்பிட்டார். "மக்கா, நூறு எம்பிபிஎஸ்னு சொல்லித்தான் பைசா வாங்குனாவ, படம் எறக்குனா பன்னிரண்டுதான் காட்டுது, ஏமாத்திட்டாவளா?" ஏமாற்றவில்லை மாமா. அவர்கள் சொன்ன நூறு, நொடிக்கு வரும் மெகாபிட். திரையில் ஓடுகிற பன்னிரண்டு, நொடிக்கு வரும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை.

ஆங்கிலத்தில் எழுதும்போது சின்ன 'பி' போட்டால் பிட், பெரிய 'பி' போட்டால் பைட். தமிழ் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது. இரண்டையும் எம்பிபிஎஸ் என்றே எழுதிவிடுகிறோம், எட்டு மடங்கு வித்தியாசம் அந்த இடத்திலேயே காணாமல் போகிறது. இந்தச் சுருக்கத்தைத் தமிழில் எழுதவே கூடாது என்பது என் கட்சி.

பிட் என்பது இரும இலக்கம், அதாவது 0 அல்லது 1, என்று பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி அமெரிக்கக் கணிதவியலாளர் ஜான் டூக்கி செய்த சொல். தகவல் கோட்பாட்டை நிறுவிய கிளாட் ஷானன் தன்னுடைய 1948 கட்டுரையில் டூக்கியின் பெயரைச் சொல்லியே அதைப் பயன்படுத்தினார். சாதாரண ஆங்கிலத்தில் அதற்குத் துணுக்கு என்றும் பொருள் உண்டு. நம் பக்கத்துச் சபைகளில் அப்பம் பிட்குதல் என்பார்கள், அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார் என்று வாசிப்பார்கள். அந்தப் பிட்டுக்கும் இந்தப் பிட்டுக்கும் வேர்த்தொடர்பு இல்லை, ஆனாலும் பிய்த்தெடுத்த சிறு துண்டு என்று மனதில் நிறுத்திக்கொள்ள இது நன்றாக உதவும்.

பைட் பிறந்தது 1956இல், நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருடம். ஐபிஎம்மில் ஸ்ட்ரெச் கணினியில் வேலை பார்த்த வெர்னர் புக்ஹோல்ஸ் வைத்த பெயர். கடி என்று பொருள்படும் சொல்லை எடுத்து, பிட் என்று யாரும் தவறாகப் படித்துவிடக் கூடாது என்று ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றினார். அப்போது பைட்டுக்கு எட்டு பிட் என்ற கட்டாயம் இல்லை, 1964இல் ஐபிஎம் சிஸ்டம் 360 வந்த பிறகுதான் எட்டு நிலைத்தது. தொலைத்தொடர்பு ஆட்கள் இன்றும் தங்கள் ஆவணங்களில் பைட் என்பதற்குப் பதிலாக ஆக்டெட், அதாவது எட்டு கொண்டது, என்று எழுதுவது இதனால்தான்.

எட்டு நமக்குப் பழகிய கணக்குதான். எட்டு நாழி ஒரு குறுணி. பிட்டை நாழி என்றும் பைட்டைக் குறுணி என்றும் நினைத்தால், ஒருவர் நாழியிலும் மற்றவர் குறுணியிலும் அளந்துவிட்டு நெல் குறைகிறது என்று சண்டை போடுவது போன்றதுதான் மாமாவின் குழப்பம்.

சரி, ஏன் இரண்டு அளவு? பழைய கணினிகளின் கம்பியைப் பார்த்தாலே விளங்கும். ஸ்கசி என்பது கணினியோடு வட்டை (ஹார்ட் டிஸ்க்) இணைக்கும் ஒரு பழைய முறை. முதல் ஸ்கசி வட்டுகளின் கேபிளில் தரவுக்கு மட்டும் எட்டு இழைகள் பக்கம் பக்கமாக ஓடும், ஒரு துடிப்புக்கு எட்டு பிட் ஒன்றாக வந்து சேரும், அதாவது ஒரு பைட். நொடிக்கு 50 லட்சம் துடிப்பு, ஆகவே 5 மெகாபைட். நம்மில் பலர் கழற்றி மாட்டியிருக்கும் அந்தப் பட்டையான ஐடிஇ கேபிளில் தரவுக்குப் பதினாறு இழைகள். இப்படி வருவதைப் பைட்டில் எண்ணுவதுதான் இயல்பு. தொலைபேசிக் கம்பியிலோ பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருகின்றன. ஒரு குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டில் எழுதினால் 64,000 பிட். அப்படி 32 தடங்களைக் கோத்தால் 20,48,000 பிட், அதுதான் நம் நாட்டுத் தொலைபேசி நிலையங்களில் ஓடிய இ1. அமெரிக்காவில் 24 தடம், அதன் பெயர் டி1, நொடிக்கு 1.544 மெகாபிட்.

இப்போது மாற்றிப் பார்க்கலாம். அந்தப் பழைய ஸ்கசியின் 5 மெகாபைட் என்பது 40 மெகாபிட், கிட்டத்தட்ட இருபது இ1 சேர்ந்தால்தான் அதற்கு ஈடாகும். கண்ணாடி இழையில் ஓடும் எஸ்டிஎம்-1 நொடிக்கு 155.52 மெகாபிட், எட்டால் வகுத்தால் 19.44 மெகாபைட், பின்னால் வந்த அல்ட்ரா ஸ்கசியின் 20 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஐடிஇக்குப் பிறகு வந்த வட்டு இணைப்பான சாட்டாவில் மட்டும் எட்டால் வகுக்காதீர்கள். அதன் 1.5 ஜிகாபிட்டில் ஒவ்வொரு பைட்டும் பத்து பிட்டாக மாற்றித்தான் அனுப்பப்படுகிறது, அதனால் கிடைப்பது 150 மெகாபைட்.

தமிழில் இதற்கு வேகம் என்று சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. இணைப்பை நூறிலிருந்து இருநூறாக ஏற்றினால் குறிகை (சிக்னல்) கம்பியில் முன்பைவிட விரைந்து ஓடுவதில்லை, ஒரு நொடிக்குள் வந்து சேரும் அளவுதான் கூடுகிறது. ஆளுக்கு இரண்டு வீதம் கொடு என்கிறோமே, அந்த வீதம்தான் சரியான சொல். தரவுப் பரிமாற்ற வீதம், நொடிக்கு 100 மெகாபிட். பிட், பைட் இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்வோம், எல்லோருக்கும் தெரிந்தவைதானே. எண்மம் என்று பைட்டைச் சொல்லலாமே என்றால், டிஜிட்டலுக்கு ஏற்கனவே அந்தச் சொல் போய்விட்டது.

அப்புறம் இன்னொரு கணக்கு. 40 ஜிகாபைட் உள்ள ஒரு பழைய வட்டை ஒரே ஓர் இ1 வழியாகச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். இ1 முழுவதும் நமக்கே கிடைத்தாலும் நொடிக்கு 2,56,000 பைட்தான், 43 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே வட்டைப் பையில் போட்டு சாயங்காலம் நாகர்கோவிலில் ரயில் ஏறினால் மறுநாள் காலை எழும்பூரில் இறங்கிவிடலாம்.