ஃபுட்பால்ல ட்ரிக் ஃப்ரீ கிக் யோசிக்கிறவங்க, ஃப்ரீ கிக் பத்தின 13வது விதிய ஒருதடவ படிச்சிடுங்க

ஸ்கூல், காலேஜ் மேட்ச்சுக்கு ரெஃப்ரியா நிக்கிறவன் நான். இப்பல்லாம் எல்லா டீமும் மொபைல்ல எதையாவது பாத்துட்டு ஒரு புது ஃப்ரீ கிக்கோட வர்றாங்க, பாக்க ஜாலியாத்தான் இருக்கு, ஆனா பாதி ஐடியா கோல் பக்கம் போறதுக்குள்ள விசில்லயே முடிஞ்சிடுது.

அடிக்கடி மாட்டுறது இதுதான். ஒருத்தன் பந்து மேல கால வெச்சு லேசா தொட்டுட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி தள்ளிப் போயிடுவான், அடுத்தவன் வந்து பந்த உருட்டிக்கிட்டே ஓடுவான், முதல் ஆள் தொட்டப்பவே கிக் எடுத்தாச்சுன்னு அவங்க கணக்கு. ஆனா 2016ல இருந்து பந்து கண்ணுக்குத் தெரியிற மாதிரி நகந்தாத்தான் கிக். நகரலன்னா ரெண்டாவது ஆள் உருட்டினதுதான் கிக், அவனே மறுபடி தொட்டா எதிர் டீமுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேரா கோல் போட முடியாத கிக்).

அப்புறம் வால் (wall), அதாவது ஷாட்ட மறிக்க எதிர் டீம் ஆளுங்க வரிசையா நிக்கிறது. முன்னாடி நம்ம ஆளுங்களே எதிர் டீம் வாலுக்குள்ள புகுந்து நின்னு கடைசி நேரத்துல குனிஞ்சிடுவாங்க. 2019ல அதுக்கு ஆப்பு வெச்சாங்க, மூணு பேருக்குக் கொறையாத வால்னா கிக் எடுக்கிற டீம் ஆளுங்க அதுல இருந்து 1 மீட்டர் தள்ளித்தான் நிக்கணும்.

அதுக்காக வித்தியாசமா எதுவுமே பண்ண முடியாதுன்னு இல்ல. 2022 வேர்ல்ட் கப் காலிறுதில அர்ஜென்டினாகிட்ட 2-1னு நெதர்லாந்து பின்னாடி இருக்கு, 90+11வது நிமிஷம், நேரா அடிக்கப் போறாங்கன்னு எல்லாரும் நினைக்கிறப்ப கூப்மைனர்ஸ் தரையோட ஒரு பாஸ், வாலுக்குப் பக்கத்துல நின்ன வெகோர்ஸ்ட் வாங்கித் திரும்பி கோல். 1998 வேர்ல்ட் கப்ல இங்கிலாந்துக்கு எதிரா அர்ஜென்டினாவோட வெரோன் பாஸ் குடுத்து சனெட்டி போட்டதும் இதே சாதிதான். வால் கட்டுறதே ஷாட்டத் தடுக்கத்தான், அதனால பாஸ் குடுத்தா பாதிப் பேரு தப்பான எடத்துல நிக்கிறாங்க. என்னக் கேட்டா பசங்க மொதல்ல பழக வேண்டியது இதத்தான், வளைச்சு அடிக்கிறத இல்ல.

1970ல இங்கிலாந்து கிளப் கோவென்ட்ரி டீம்ல வில்லி கார் ரெண்டு குதிங்காலால பந்தக் கவ்வி பின்னாடி தூக்கி விட, எர்னி ஹன்ட் அப்படியே எவர்ட்டன் கோலுக்குள்ள வாலி (volley, பந்து தரையில படுறதுக்குள்ள அடிக்கிறது) அடிச்சார். கழுதை உதைன்னே பேரு. அந்த சீசன் முடிஞ்சதும் தடை பண்ணிட்டாங்க, ஆனா இப்ப இருக்கிற விதில ரெண்டு காலாலயும் ஒரே நேரத்துல தூக்கலாம்னு எழுதியே இருக்கு! தைரியமா பண்ணுங்க, அந்த வாலி சரியா மாட்டுறதுதான் கஷ்டம்.

ஓடி வந்து அடிக்காம விடுறது, 2014 வேர்ல்ட் கப் அல்ஜீரியா மேட்ச்சுல ஜெர்மனியோட முல்லர் தடுக்கி விழுந்த மாதிரி கூத்து, இதெல்லாம் ஓகே. வாயால கத்தி எதிராளிய ஏமாத்தினா மட்டும் மஞ்சள் கார்டு.

கடைசியா, சீக்கிரமா எடுக்கிற கிக். 2023 மார்ச்ல கேரளா பிளாஸ்டர்ஸ் வால் கட்டுறதுக்குள்ள பெங்களூரு டீம் சேத்ரி அடிச்சாரே, பிளாஸ்டர்ஸ் மேட்ச்ச விட்டே வெளிய போனாங்களே, கோல் கோல்தான்னு நின்னுச்சு. ஆனா "சார், வால பின்னாடி தள்ளுங்க"ன்னு நீங்களே ரெஃப்ரிகிட்ட கேட்டுட்டா அந்த சான்ஸ் போச்சு, அப்புறம் விசில் வர்ற வரைக்கும் பந்தத் தொடக்கூடாது.